வாழைப்பழம் ஏறாத படகு

ஹொல்ம்லியா,
ஒஸ்லோ.
திங்கட்கிழமை பின்னேரம்

அன்புள்ள தேவி,

இங்கே நானும் பிள்ளையும் சுகம். அங்கே நீயும் அக்காவும் அப்படியே இருக்க வேண்டும். அக்கா ஊன்றுகோல் இல்லாமல் வாசல்வரை நடக்கிறா என்று சோபிகா சொன்னாள். சந்தோசம். அத்தான் அவவைக் கொஞ்சக் காலம் குசினிப் பக்கம் விடாமல் இருந்தால் எலும்பு தன்பாட்டில் பொருந்தும். நான் சொன்னதாகவே அவரிடம் சொல். எங்கள் கலியாணத்துக்கு வந்து சோறு குழைந்துபோச்சு என்று சொன்ன மனிதர் ஒரு தரம் தானும் சமைத்துப் பார்க்கட்டும்.

நேற்று இரவு நீ திரும்பத் திரும்ப எடுத்தும் நான் தொலைபேசியைத் தூக்கவில்லை. கோபத்தில் அல்ல. எடுத்திருந்தால் முதல் கேள்வியாக, சண்டை பிடிச்சியளோ என்று கேட்டிருப்பாய். அதற்கு ஒரு சொல்லில் மறுமொழி சொல்லிவிட்டால் மிச்சக் கதை செத்துப்போகும். இந்தக் கதையைச் சாகவிட எனக்கு மனமில்லை. ஆகையால் கடதாசி எடுத்து எழுதுகிறேன். சோபிகா பக்கம் பக்கமாகப் படம் எடுத்து உன் தொலைபேசிக்கு அனுப்புவாள். வாசிக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். வாசிப்பாள்.

சண்டை பிடிக்கவில்லை. பிடிப்பதற்கு அருமையான சந்தர்ப்பங்கள் கைக்கு வந்தன, விட்டுவிட்டேன். என் வலது கை இன்னும் விறைப்பு நீங்காமல் இருக்கிறது, எழுத்துக் கோணினால் பொறுத்துக்கொள். தேவி, அந்த மீனை நீ பார்த்திருக்க வேண்டும்.

வரிசையாகச் சொல்கிறேன். உனக்குத் தெரிந்ததும் இதில் வரும். வரிசையாக எழுதினால்தான் எனக்கு நிதானம் வரும்.

ஜெயரத்தினம் அண்ணையோடு நான் பன்னிரண்டு வருடமாக முகம் கொடுத்துக் கதைத்ததில்லை. ஞாயிறுப் பள்ளிக்கூடத்தில் அத்தனை காலம் ஒரு சதம் வாங்காமல் கணிதம் படிப்பித்த என்னை, நிர்வாகத் தலைவராக இருந்துகொண்டு இரண்டு வரிக் குறுஞ்செய்தியில் நிறுத்தியவர் அவர். மாஸ்ரர் கெட்டிக்காரன், ஆனால் பிள்ளையளோடை கடுமை என்று கூட்டத்தில் சொன்னாராம். பிறகு, கொம்பனியில் நான் பழக்கிய பெடியனை வைத்துக்கொண்டு என்னை வீட்டுக்கு அனுப்பிய வருடம், மியோசா ஏரியில் ஆட்களை மீன்பிடிக்க ஏற்றுகிற கிழவி மேரினின் படகில் நான் பாதிப் பங்கு வாங்கினேன் அல்லவா? அப்போது ஒரு கலியாண வீட்டில், சாப்பாட்டு வரிசையில் நின்றுகொண்டு, குகநேசன் மாஸ்ரர் இப்ப கடற்றொழிலுக்கு இறங்கியிட்டாராம் என்று சொன்னவரும் அவர்தான். சிரித்தவர்களின் பெயர்கள் எல்லாம் எனக்கு ஞாபகம். ஏரியைக் கடல் என்று சொன்ன பிழைக்காக நான் கோபப்படவில்லை. அவர் என்ன சொல்ல வந்தார் என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும், அங்கே கோப்பையோடு நின்ற அத்தனை யாழ்ப்பாணத்தாருக்கும் தெரியும்.

அந்த மனிதரின் மகனைத்தான் எங்கள் மகள் தேடிப் பிடித்திருக்கிறாள். ஒஸ்லோவில் வேறு பெடியன் இல்லை.

நீ ரொறொன்ரோவுக்கு வெளிக்கிடும்போது சொன்னது நினைவிருக்கிறது. நான் ஜூன் கடைசியிலை வருமட்டும் ஓம் எண்டும் சொல்லாதேங்கோ, இல்லை எண்டும் சொல்லாதேங்கோ, சும்மா ஒரு நாள் ஏரியைக் காட்டி அனுப்புங்கோ என்றாய். சோபிகா இன்னும் ஒரு படி மேலே போனாள். நீங்கள் ரெண்டு பேரும் ஒரு நாள் ஒரு இடத்திலை இருக்க ஏலாதெண்டால், நாங்கள் நகரசபையிலை எழுதிப்போட்டு ட்ரொன்ட்ஹெய்முக்குப் போறம், ஒருத்தரையும் கூப்பிடேல்லை என்றாள். அவளுக்கு அங்கே ஆஸ்பத்திரியில் வேலை கிடைக்கிறதாம், பெடியனுக்கும் கிடைக்குமாம். ஏன் படகு என்று கேட்டேன். அவர் எங்கள் வீட்டு வாசல் மிதிக்க மாட்டார், நான் அவர்கள் இருக்கிற ரொம்சோஸ் பக்கம் தலைவைக்க மாட்டேன், ஏரி இரண்டு பேருக்கும் சொந்தமில்லை என்றாள். பிறகு, வீட்டிலை நீங்கள் கோபக்காரன் அப்பா, போட்டிலை நல்ல மனிசன் என்றும் சொன்னாள். அதைப் புகழ்ச்சி என்று எடுத்துக்கொண்டேன்.

நாள் பார்த்ததே பெரிய கதை. வெள்ளிக்கிழமை அவர்களுக்கு விரதம், மீனைப் பார்க்கவும் மாட்டார்களாம். சனிக்கிழமை நல்ல காரியம் கதைக்கக் கூடாதாம். ஆக ஞாயிறு. நல்லவேளையாக அந்த ஞாயிறு எங்களுக்குப் பதிவு இருக்கவில்லை. இந்த வருடம் சனி ஞாயிறு ஜூலைவரைக்கும் அநேகமாக நிரம்பிவிட்டது, தேவி. ஜேர்மனியில் இருந்தும் எழுதிக் கேட்கிறார்கள். எங்கள் ஆட்களும் எடுக்கிறார்கள், சமன் மீன் பிடிக்கலாமோ என்று கேட்டுக்கொண்டு. சமன் கடலுக்குப் போய் வருகிற மீன், மியோசா ஏரியில் இருப்பது ஓரெத், சமனுக்குப் பெரியப்பா மகன் என்று சொல்லுவேன். ருசி எப்பிடி என்பார்கள். அதற்குமேல் ஒரு கேள்வி எங்கள் ஆட்களிடம் இல்லை.

விடிய நான் மின்னசுண்ட் துறைக்குப் போனபோது மேரின் படகைத் தயாராக வைத்திருந்தா. பனிக்கட்டி போய் இரண்டு கிழமைதான். மலைகளில் இன்னும் வெள்ளை. ஏரி எண்ணெய் விட்டதுபோல அசையாமல் கிடந்தது. இன்றைக்கு வருவது என் மகளைக் கேட்டு வருகிறவர்கள் என்று மேரினிடம் சொல்லவில்லை. சொன்னால் கேள்வி கேட்பா. அதுதான் நான் விட்ட பிழை.

அவர்கள் வந்து இறங்கினார்கள். ஜெயரத்தினம் அண்ணை கோட்டும் கழுத்துப்பட்டியும் போட்டு, காலில் ஸ்ட்ரோம்மன் கடையில் வாங்கிய புது றப்பர் சப்பாத்து. அடியில் விலைத்துண்டு ஒட்டியபடி இருந்தது. நான் சொல்லவில்லை. அவர் மனிசி யோகாம்பாள் காஞ்சிபுரத்துக்கு மேல் பனிக்கால அங்கி. பெடியன் கிருஷிகன் சாதாரணமாக வந்திருந்தான். என்னைக் கண்டதும், வணக்கம் மாமா என்றான். ஞாயிறுப் பள்ளியில் என்னிடம் பின்னம் படித்தவன், அப்போது சேர் என்றுதான் கூப்பிடுவான். உங்களுக்குப் பயந்துதான் மாமா படிச்சனான், அதாலைதான் இஞ்சினியர் ஆனனான் என்றான். கடுமை என்று சொன்னவரின் காதில் விழும்படி இன்னொரு தரம் சொல்லு தம்பி என்றேன். சோபிகா என் சப்பாத்தை மிதித்தாள்.

பிறகுதான் யோகாம்பாள் காரின் பின்கதவைத் திறந்து தட்டத்தை எடுத்தா. வெற்றிலை, பாக்கு, தேங்காய், பலகாரம், நடுவிலே நல்ல மஞ்சளாக ஒரு பெரிய சீப்பு வாழைப்பழம். சும்மா ஏரி பார்க்கத்தானே வருகிறீர்கள் என்று சோபிகா பதறினாள். நல்ல காரியத்துக்கு வெறுங்கையோடை வாறதோ பிள்ளை என்றா அவ.

மேரின் படகின் ஏறுபலகையில் வந்து நின்று இரண்டு கையையும் விரித்தா. வாழைப்பழம் என் படகில் ஏறாது என்றா.

உனக்கு நான் இதைச் சொன்னதில்லை. இங்கே தூண்டில் போடுகிறவர்களுக்கு வாழைப்பழம் என்றால் எங்களுக்குப் பயணத்தில் பூனை குறுக்கே போனதுபோல. படகில் ஒரு பழம் இருந்தால் அன்றைக்கு மீன் இல்லை, இயந்திரம் நிற்கும், ஆள் விழும். மேரினின் செத்துப்போன புருசன் ஒரு நாள் முழுக்க மீன் தவறவிட்டு, பின்னேரம் ஒரு விருந்தாளியின் பையில் பழத்தைக் கண்டாராம். அன்றிலிருந்து அவவுக்கு அது சட்டம். விஞ்ஞானம் படித்த நான் முதல் வருடம் சிரித்தேன். இரண்டாம் வருடம் சிரிப்பதை விட்டேன். இப்போது விருந்தாளிகளின் பையை நானே பார்க்கிறேன்.

நான் மொழிபெயர்த்தேன். யோகாம்பாளுக்கு முகம் செத்துவிட்டது. மங்கலத் தட்டத்தைக் கரையிலை வைச்சிட்டுப் போறதோ, காகம் கொத்தவோ என்றா. காருக்குள் வைப்போம் என்றான் கிருஷிகன். கொண்டுவந்த தட்டத்தைத் திருப்பிக் காருக்கை ஏத்துறதோ, உனக்கு ஆரடா இதெல்லாம் சொல்லித் தந்தது என்று தாய் ஏசினா. ஜெயரத்தினம் அண்ணை என் பக்கம் திரும்பினார். பிறகு, மாஸ்ரர், இது அந்த மனிசியின்ரை சட்டமோ, உங்கடை சட்டமோ என்று கேட்டார். கேட்ட விதத்தில் பன்னிரண்டு வருடமும் இருந்தது. தட்டத்தைத் திருப்பினால் சம்பந்தத்தைத் திருப்பின மாதிரி, அது உங்களுக்குத் தெரியும்தானே என்றும் சொன்னார்.

தேவி, உன்னிடம் மறைக்க மாட்டேன். அந்த நேரம் நான் ஒன்றும் செய்யத் தேவையிருக்கவில்லை. வாயை மூடிக்கொண்டு நின்றாலே போதும். அவர் தட்டத்தோடு காரில் ஏறியிருப்பார். நான் ஓம் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை, உன் கட்டளையை ஒரு எழுத்துப் பிசகாமல் காத்தவன். பழி ஒரு நோர்வேஜியக் கிழவியின் வாழைப்பழத்துக்குப் போயிருக்கும். இப்படி ஒரு வெற்றி எனக்கு வாழ்நாளில் தட்டில் வைத்து வந்ததில்லை. அதன் இனிப்பு நாக்கில் பட்டதுதான்.

சோபிகாவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அழவுமில்லை. எதிர்பார்த்தது நடக்கிறது என்பதுபோல நின்றாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மேரினிடம் போய் விசயத்தைச் சொன்னேன். இது தின்பண்டம் அல்ல, என் மகளைக் கேட்டு வந்த பழம் என்றேன். அவ என்னைப் பார்த்தா, தட்டத்தைப் பார்த்தா. அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், மடையா என்றா. பிறகு, அப்படியென்றால் இங்கேயே சாப்பிடுங்கள், வயிற்றுக்குள் இருக்கிற பழத்தை ஏரி எண்ணுவதில்லை என்றா.

எனக்கு வெளிச்சம் வந்ததுபோல இருந்தது. நேரே போய்ச் சீப்பில் ஒன்றைப் பிய்த்தேன், உரித்தேன், பாதியை வாய்க்குள் வைத்தேன். வைத்த பிறகுதான் பார்த்தேன், ஒருவரும் அசையவில்லை. யோகாம்பாளின் கை வாயில். கிருஷிகன் சோபிகாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். ஜெயரத்தினம் அண்ணை மெதுவாக, மாஸ்ரர், தட்டத்திலை கை வைச்சிட்டியள் என்றார்.

நான் பழத்தைக் கண்டேன், படகைக் கண்டேன், தட்டம் யாருடையது என்பதையும், அதில் கை வைத்தால் சம்மதம் என்பதையும் மறந்துபோனேன். மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவந்த தட்டத்தில் பெண்ணின் தகப்பன், தாய் பக்கத்தில் இல்லாமல், இருந்து கதைக்காமல், துறைமுகத்தில் நின்றபடி கை வைத்து எடுத்துத் தின்கிறான். எங்கள் பரம்பரையில் இப்படி ஒருத்தன் சம்பந்தம் எடுத்திருக்க மாட்டான். இல்லை, நான் எடுக்கவில்லை என்று சொல்லப் பார்த்தேன். வாய் நிறையப் பழம். விழுங்குங்கோ அண்ணை, புரைக்கேறப் போகுது என்று யோகாம்பாள் என் முதுகில் தட்டினா. அப்போதுதான் சோபிகா சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டுக் கனகாலம்.

விழுங்கிய பிறகு சொல்லவேண்டியதைச் சொன்னேன். கை என்னுடையது, ஆனால் வீட்டுச் சொல் தேவியுடையது, அவ சொல்லாமல் இது பழம் தின்ற கணக்குத்தான் என்றேன். அவர் யோசித்தார். சரி, தங்கச்சியின்ரை வாயிலை இருந்து வரட்டும், அதுமட்டும் நாங்கள் பழம் திண்டனாங்கள் எண்டு வைப்பம் என்றார். அந்த நியாயத்தை அவரிடம் நான் எதிர்பார்க்கவில்லை. பிறகு எல்லோரும் நின்றபடி சீப்பை முடித்தோம். மேரின் இரண்டு தின்றா. தோலையும் விடவில்லை, கார் நிறுத்துமிடத்துக் குப்பைத் தொட்டிவரைக்கும் கொண்டுபோய்ப் போடச் சொன்னா. வெற்றிலை தேங்காய்க்கு அவவிடம் சட்டம் இல்லை. தட்டம் ஆழம் காட்டும் திரைக்குப் பக்கத்தில் ஏறி இருந்தது.

இனி மீன்.

காலை முழுக்க ஒன்றும் இல்லை. படகு மனிதன் நடக்கிற வேகத்தில் போகும், நூல்களைப் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு சின்னப் பலகைகள் இரண்டு பக்கமும் மிதந்து வரும், பார்த்துக்கொண்டு இருக்கவேண்டியதுதான். சும்மா இருப்பது எங்கள் ஆட்களுக்கு வராது. ஜெயரத்தினம் அண்ணை கழுத்துப்பட்டியைக் கழற்றிப் பொக்கற்றில் வைத்துக்கொண்டு, மாஸ்ரர், உங்கடை ஏரிக்கை மீன் இருக்குதோ, படத்திலைதானோ என்றார். படிக்காத பிள்ளைக்குத்தான் கேள்வித்தாள் கஷ்டம் என்றேன். வாழைப்பழமும் போச்சு, மீனும் இல்லை, என்ன கணக்கு இது என்றார். நான் கணக்குப் படிப்பிச்சதைத்தானே நிற்பாட்டினீங்கள் என்றேன். யோகாம்பாள் இரண்டு பேருக்கும் தேத்தண்ணீர் தந்து வாயை அடைத்தா.

மத்தியானம் திரும்பின நேரம், வலப்பக்கத்துக் கடைசிப் பலகை ஆரோ பின்னால் பிடித்து இழுத்ததுபோல அப்படியே தண்ணீருக்குள் போயிற்று. றீல் அலறத் தொடங்கியது. மேரின் இயந்திரத்தைத் தணித்து, ஆருடைய முறை என்று கத்தினா. எங்கள் படகில் வயதில் மூத்தவருக்கு முதல் முறை. தூண்டில் தடியைத் தூக்கி ஜெயரத்தினம் அண்ணையின் கையில் வைத்தேன். அவர் வாங்கினார், வாங்கினவுடன் ஒரு அடி முன்னால் இழுபட்டார். புதுச் சப்பாத்து வழுக்கியது. நான் பின்னால் பாய்ந்து அவருடைய மிதவை உடுப்பின் பட்டியைப் பிடித்தேன்.

அப்படியே நின்றோம், தேவி. நீ நம்பமாட்டாய். என் கை அவர் முதுகில், என் வாய் அவர் காதுக்குப் பக்கத்தில். தடியை நிமித்துங்கோ, இழுக்கேக்கை விடுங்கோ, நிக்கேக்கை சுத்துங்கோ, அவசரப்படாதேங்கோ என்று நான் சொல்ல, அவர் ஒரு மறுவார்த்தை இல்லாமல் செய்தார். நிர்வாகக் கூட்டங்களில் நான் கனவு கண்டது இதைத்தான். மீன் ஒரு தரம் வெளியே வந்து விழுந்தது. வெள்ளி அல்ல, பித்தளை நிறம், மேலெல்லாம் கறுப்புப் பொட்டு, ஒரு சின்னப் பிள்ளையின் அளவு. யோகாம்பாள் முருகா என்று இருந்துவிட்டா. கிருஷிகன் படம் எடுக்கிறேன் என்று கையுறையைத் தண்ணீருக்குள் போட்டுவிட்டான்.

பாதியில் அவருக்கு மூச்சு வாங்கியது. அவருடைய நெஞ்சுக்குள் குழாய் வைத்த கதை உனக்குத் தெரியும். மாஸ்ரர், நீங்கள் பிடியுங்கோ, எனக்கு ஏலாது என்றார். தடியை நீட்டினார். எனக்குக் கை துருதுருத்தது, இந்த ஏரியில் இதுவரை நான் கண்ட மீன்களில் பெரியது அது. நான் வாங்கவில்லை. இப்ப வாங்கினால் சாகுமட்டும் நான் பறிச்செடுத்தனான் எண்டு சொல்லித் திரிவியள், நிண்டு பிடியுங்கோ, நான் விழவிடமாட்டன் என்றேன். அவர் சிரித்தார். மூச்சு வாங்கிக்கொண்டு சிரித்தார், பிறகு பிடித்தார்.

சோபிகாதான் கைவலையில் எடுத்தாள். தூக்காமல், வலையைத் தண்ணீருக்குள்ளேயே வைத்துப் பார்த்தோம். ஒரு மீற்றருக்குக் கொஞ்சம் குறைய. முதுகில், வாலுக்குச் சற்று முன்னே, சின்ன விரல் நுனிபோல ஒரு சதைத் துடுப்பு இருந்தது. வளர்த்து விட்ட மீன்களுக்கு அந்தத் துடுப்பைக் குஞ்சிலேயே வெட்டிவிடுவார்கள், அவற்றை வீட்டுக்குக் கொண்டுபோகலாம். துடுப்போடு இருப்பது ஏரியிலேயே பிறந்தது, ஆற்றில் ஏறி முட்டைபோடப் போவது. எங்கள் படகில் அதைத் திருப்பி விடவேண்டும். அது மேரினின் சட்டம் மாத்திரம் அல்ல, என்னுடையதும்தான்.

யோகாம்பாள் அதற்குள் தலைக் குழம்புக்குத் தேங்காய்ப்பால் கணக்குப் போட்டுவிட்டா. சம்பந்தி வீட்டு முதல் மீன் என்று சொல்லிக்கொண்டிருந்தா. நான் ஜெயரத்தினம் அண்ணையின் முகத்தைப் பார்த்தேன். கோட்டு நனைந்து, தலைமயிர் நெற்றியில் ஒட்டி, பரீட்சை பாஸ் பண்ணின பெடியனைப்போல நின்றார். அவருடைய சந்தோசத்தைப் பறிக்க ஒரு சட்டப்படியான காரணம் என் கையில் இருந்தது. அதைப் பாவிக்க வேண்டியும் இருந்தது. அதில் எனக்கு ஒரு ருசியும் வரவில்லை, அது எனக்கே புதினம். துடுப்பைக் காட்டிச் சொன்னேன். அவர் குனிந்து துடுப்பைப் பார்த்தார். பிடிச்சதை விடுறதெண்டு நான் கேள்விப்படேல்லை மாஸ்ரர் என்றார். பிறகு, எப்பிடி விடுறது என்று கேட்டார்.

களைத்த மீனை அப்படியே விட்டால் புரண்டு செத்துப்போகும். தண்ணீருக்குள் தலை முன்னாக வைத்து, வாலடியை ஒரு கை, வயிற்றை ஒரு கை தாங்கி, மூச்சு வருமட்டும் பிடித்திருக்க வேண்டும். பெரிய மீன், ஒரு ஆளால் முடியவில்லை. படகின் பின்தட்டில் இரண்டு பேரும் வயிறு பதியப் படுத்து, தோளோடு தோள், முழங்கைவரை ஐஸ் தண்ணீர். அவர் வாலைப் பிடித்தார், நான் வயிற்றைத் தாங்கினேன். விரல் விறைத்து மரத்துப்போயிற்று. செவுள் மூடுவதும் திறப்பதுமாக இருந்தது.

அப்போதுதான் அவர் தண்ணீரைப் பார்த்தபடி, மாஸ்ரர், அந்தக் குறுஞ்செய்தி நான் எழுதினதில்லை, நிர்வாகத்து ஆக்கள் எழுதித் தந்தவை, அனுப்பினது நான் என்றார். விரல் உங்கடைதானே என்றேன். ஓம், விரல் என்ரைதான் என்றார். மன்னிப்புக் கேட்டார் என்று உனக்கு எழுத மாட்டேன், அவர் கேட்கவில்லை. நான் கொடுத்தேன் என்றும் எழுத மாட்டேன். மீன் என் கைக்குள் ஒரு தரம் முறுக்கியது. விடுவமோ என்று கேட்டார். இன்னும் கொஞ்சம் என்றேன். இரண்டாம் தரம் முறுக்கியபோது விட்டோம். அது அவசரப்படாமல் கீழே இறங்கிப் போனது. கறுத்த முதுகு தெரிந்து தெரிந்து, பிறகு தெரியவில்லை. நாங்கள் இரண்டு பேரும் எழும்ப ஏலாமல் கிடந்தோம். கிருஷிகன்தான் ஒவ்வொருவராகத் தூக்கினான்.

பின்னேரம் சோபிகாவுக்குத் துடுப்பு வெட்டினது ஒன்று பட்டது. அளவான மீன். யோகாம்பாள் கொண்டுபோய்ச் சமைத்து, நேற்று இரவே பெடியனிடம் கொடுத்துவிட்டா. திறந்து பார்த்தால் தலை முழுதாக எனக்கு வந்திருக்கிறது. அந்த வீட்டில் தலையை அண்ணைக்குத்தான் வைப்பார்கள் என்று எனக்குத் தெரியும். புளி கொஞ்சம் கூட. முழுக்கச் சாப்பிட்டேன்.

இப்போது நான் உன்னிடம் கேட்கவேண்டியது. அவர்கள் உன் சொல்லுக்குக் காத்திருக்கிறார்கள். காலையிலேயே யோகாம்பாள் சோபிகாவுக்கு எடுத்து, அம்மாவோடை கதைச்சாச்சோ என்று கேட்டிருக்கிறா. நான் ஜெயரத்தினம் அண்ணைக்கு எடுத்துச் சொல்லலாம்தான். இன்று இரண்டு தரம் தொலைபேசியை எடுத்தேன், வைத்துவிட்டேன். அந்த மனிதரின் காதில் நான் ஓம் என்று சொன்னால் அவர் வென்றதாகிவிடும் என்று என் மனம் இன்னும் கணக்குப் போடுகிறது. அந்தக் கணக்கை நிறுத்த எனக்குத் தெரியாது, உனக்கு இது புதிதல்ல. அது எனக்குள்ளே இருந்துவிட்டுப் போகட்டும். பிள்ளைக்குச் சீதனமாக அதைக் கொடுத்து அனுப்ப மாட்டேன்.

ஆகையால் நீ சொல். ஜூன் கடைசிவரைக்கும் வேண்டாம், இந்தக் கடிதம் வாசித்த கையோடு யோகாம்பாளுக்கு எடுத்துச் சொல். இவருக்கு அவ்வளவு விருப்பமில்லை, நான்தான் நிண்டு சம்மதிக்கப் பண்ணினனான் என்று வேண்டுமானால் சொல். அப்படிச் சொன்னால் எனக்கும் மரியாதையாக இருக்கும். அவர்கள் நம்பமாட்டார்கள், பரவாயில்லை. எனக்கு விருப்பமோ என்று மட்டும் என்னிடம் திரும்பிக் கேட்காதே.

இரண்டு பிள்ளைகளும் ஒற்றுமையாக, எங்களைவிடக் குறைவாகக் கோபித்துக்கொண்டு, நீண்ட காலம் நல்லாயிருக்க வேண்டும். நல்லூரானை நினைத்துக்கொண்டு, நீ வாய் திறந்து அந்த ஒரு சொல்லைச் சொல், தேவி.

என்றும் உன்,
குகநேசன்